ஆழ்கடல் உள்ளங்கை நெல்லிக்கனி ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்மூழ்கிக் கப்பல்களின் வருங்காலம் குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இத்தகைய பொருளைத் தமிழில் எடுத்து எழுதுவோர் மிகச் சிலரே என்பதால் கட்டுரையாளருக்கு முதலில் என் பாராட்டு. ஆனால், இன்னும் இருபது ஆண்டுகளில் கடலெங்கும் உணர்கருவிகள் நிறைந்து ஆழ்கடல் உள்ளங்கை நெல்லிக்கனிபோல் தெரிந்துவிடும், மாலுமிகள் ஏறிச் செல்லும் நீர்மூழ்கிகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விடும், அவற்றின் இடத்தை ஆளில்லா வாகனங்கள் பிடித்துக்கொள்ளும் என்ற அவருடைய முடிவு, கடல்நீரின் இயல்பைக் கணக்கில் கொள்ளாமல் எட்டப்பட்டதாகவே எனக்குப் படுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கப்பல்களின் அதிர்வையும் இரைச்சலையும் அளந்து குறைக்கும் வேலையில் இருந்தவன் நான். கடற்படையில் பணியாற்றியவன் அல்லன். ரகசியம் எதுவும் என்னிடம் இல்லை. இங்கே எழுதுபவை யாவும் வெளிப்படையாகக் கிடைக்கும் செய்திகளும், தொழிலில் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டவையுமே.

வானொலி அலைகளைக் கடல்நீர் விழுங்கிவிடுகிறது என்ற ஒரே உண்மையிலிருந்துதான் நீர்மூழ்கி பற்றிய எந்தப் பேச்சும் தொடங்க வேண்டும். காற்றிலும் விண்வெளியிலும் நமக்குப் பழகிப்போன ரேடார், செல்பேசி, ஜி.பி.எஸ். ஆகிய எதுவும் நீருக்கடியில் வேலை செய்யாது. மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகள் பத்து இருபது மீட்டர் வரை ஊடுருவும். அதைவிடவும் குறைந்த 76 ஹெர்ட்ஸ் அலைகளைக் கொண்டு ஆழத்தில் இருக்கும் கப்பலுக்குச் செய்தி அனுப்ப அமெரிக்கக் கடற்படை விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுத்து நிலையங்கள் அமைத்திருந்தது. ஒருசில எழுத்துகளை அனுப்பவே பல நிமிடங்கள் பிடித்த அந்த ஏற்பாடு 2004-இல் மூடப்பட்டது. ஆழத்தில் இருக்கும் கப்பல் அதே வழியில் பதில் சொல்லவும் முடியாது. எஞ்சியிருப்பது ஒலி மட்டும்தான். அது நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில், காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேலான விரைவில் பயணம் செய்கிறது. ஆயினும் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு வாகனத்துக்கு ‘நில்’ என்று சொன்னால், அந்தச் சொல் போய்ச்சேரப் பத்து நொடி ஆகிவிடும். போகும் வழியெல்லாம் சொன்னவர் எங்கே இருக்கிறார் என்பதையும் அது பறைசாற்றிக்கொண்டே போகும்.

அந்த ஒலியும் நேர்கோட்டில் செல்வதில்லை. வெயிலில் சூடான மேல்நீருக்கும் குளிர்ந்த அடிநீருக்கும் இடையே வெப்பநிலை சடசடவென்று இறங்கும் அடுக்கு ஒன்று உண்டு. ஒலி எப்போதும் தன் வேகம் குறையும் பக்கமாக வளையும் என்பதால், மேலே இருக்கும் கப்பலின் சோனார் (ஒலியை அனுப்பித் தேடும் கருவி) அனுப்பும் ஒலி அந்த அடுக்கில் கீழ்நோக்கி வளைந்து போய்விடுகிறது. ஒலி எட்டாத நிழற்பகுதிகள் இதனால் உருவாகின்றன. நீர்மூழ்கித் தலைவர்கள் பல பத்தாண்டுகளாக ஒளிந்துகொள்வது அந்த நிழல்களில்தான். இந்த அடுக்கு காலையில் ஓர் ஆழத்திலும் மாலையில் வேறோர் ஆழத்திலும் இருக்கும். புயலுக்குப் பின் கலைந்துபோகும். ஆற்று முகத்துவாரங்களில் உப்பின் அளவு மாறுவதால் கணக்கே தலைகீழாகும். கரையோர ஆழமற்ற கடலில் இறால் வகைகளின் சொடுக்கொலியும், அலையின் இரைச்சலும், வணிகக் கப்பல்களின் உறுமலும் சேர்ந்துகொள்கின்றன.

கட்டுரையாளர் பெரிதும் நம்பும் ‘குவாண்டம் காந்தமானி’யை எடுத்துக்கொள்வோம். நீர்மூழ்கியின் எஃகு உடல் பூமியின் காந்தப் புலத்தில் ஏற்படுத்தும் சிறு குலைவைக் கண்டறிவது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே இருக்கும் முறைதான். இதில் உள்ள இடர் என்னவென்றால், அந்தக் குலைவு தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது: தொலைவு இரண்டு மடங்கானால் குலைவு எட்டில் ஒன்றாகிவிடும். எனவே இன்றைய கருவியைவிட ஆயிரம் மடங்கு நுட்பமான கருவியைச் செய்து கொடுத்தாலும் எட்டும் தொலைவு பத்து மடங்குதான் கூடும். அதற்குள் பூமியின் இயற்கையான காந்த ஏற்ற இறக்கங்களும், கடலடிப் பாறைகளும், ஏன், உப்புநீரின் அலையசைவுமே அந்தக் குறியை மூடிவிடும். ஜெர்மனியின் 212ஏ வகை நீர்மூழ்கிகள் காந்தமாகாத எஃகினால் கட்டப்பட்டவை என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. நீருக்குள் ஒளியைப் பாய்ச்சி நீர்மூழ்கியைத் தேடும் நீல-பச்சை லேசரின் கதையும் இதுபோன்றதே. முதல் ஐம்பது மீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஒளி எஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், நூறு மீட்டரில் நூற்றில் ஒரு பங்குதான் எஞ்சும். கலங்கிய நீரில் அதுவும் இல்லை. விளக்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தக் கணக்கோடு நெடுநேரம் மல்லுக்கட்ட முடியாது.

கடல் தெளிந்துவிடும் என்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப்பார்க்கலாம். அசையாமல் ஒரே இடத்தில் கிடக்கும் கடலடித் தரையிலேயே இன்றுவரை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் நேரடியாக அளந்து வரையப்பட்டிருக்கிறது. 2005 ஜனவரியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ என்ற அணு நீர்மூழ்கி முழு வேகத்தில் கடலடி மலையொன்றில் மோதி ஒரு மாலுமி உயிரிழந்தார். 2021 அக்டோபரில் கனெக்டிகட் என்ற மற்றொரு நீர்மூழ்கி தென் சீனக் கடலில் அதேபோல் மோதியது. மலையே கண்ணுக்குத் தப்பும் கடலில், மூச்சுக் காட்டாமல் நகரும் கப்பலைக் கண்டுபிடிப்பதை எளிய வேலையாக எண்ண முடியுமா?

இருந்தாலும் கட்டுரையாளரின் கருத்தில் சாரம் உள்ள பகுதியை நான் மறுக்கவில்லை. காதுகளின் எண்ணிக்கை பெருகுகிறது. 1950-களில் அமெரிக்கா கடலடியில் ஒலிவாங்கிகளை வரிசையாகப் பதித்து ‘சோசஸ்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியபோது, பதிவான காகிதச் சுருள்களை மனிதர்கள் உட்கார்ந்து கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. இன்று அதே வேலையைக் கணினி செய்கிறது. இரைச்சலுக்குள் புதைந்த ஒரு மெல்லிய கோட்டைப் பல நாள் பதிவுகளிலிருந்து அது தோண்டி எடுத்துவிடும். மலிவான மிதவைகளை நூற்றுக்கணக்கில் இறக்கிவிடவும் முடியும். ஆகவே நீரிணைகளிலும் துறைமுக வாயில்களிலும் நீர்மூழ்கிக்கு இனி நெருக்கடிதான். திறந்த பெருங்கடலுக்கு அதே முடிவை நீட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. 2009 பிப்ரவரியில் பிரிட்டனின் வான்கார்டும் பிரான்சின் லெ ட்ரியோம்ஃபான்ட்டும், ஒவ்வொன்றும் 130 மீட்டருக்கு மேல் நீளமும் அணு ஆயுத ஏவுகணைகளைத் தாங்கும் வசதியும் கொண்ட இரண்டு நீர்மூழ்கிகள், அட்லாண்டிக்கில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. உலகின் தலைசிறந்த சோனார்களைச் சுமந்துகொண்டிருந்த அவை இரண்டும் தம்முன்னால் இருந்ததை உணரவில்லை.

அந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் தொழில், ஆகவே இங்கே சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். 1954-இல் படையில் சேர்ந்த முதல் அணு நீர்மூழ்கியான நாட்டிலஸ், 1958-இல் வடதுருவப் பனிக்கு அடியில் கடந்துசென்ற பெருமைக்குரியதாயினும், இரைச்சல் மிகுந்த கப்பல். 1953-இல் நீரில் இறக்கப்பட்ட ஆல்பகோர் என்ற ஆய்வு நீர்மூழ்கி, நீர்த்துளியைப் போன்ற உடலமைப்பே நீருக்கடியில் சிறந்தது என்று காட்டிக்கொடுத்தது. இன்று புதுமை என்று விளம்பரப்படுத்தப்படும் எக்ஸ் வடிவச் சுக்கானையும் அதே கப்பலில்தான் அறுபதாண்டுகளுக்கு முன் சோதித்துப் பார்த்தார்கள். அதற்குப் பின் வந்த முன்னேற்றங்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாதவை: எந்திரங்களை உடலோடு ஒட்டாமல் ரப்பர்த் தாங்கிகள் மீது நிறுத்திய மேடைகள், வெளிப்புறத்தில் ஒட்டிய ஒலியுறிஞ்சும் ரப்பர் ஓடுகள், நீரில் வெற்றிடக் குமிழ்கள் தோன்றி வெடிக்காதபடி வளைத்துச் செதுக்கிய உந்துவிசிறி இதழ்கள், அவற்றைச் சுற்றிக் குழாய்போல் அமைத்த நீர்த்தாரை உந்திகள். உந்துவிசிறியை அச்சுப்பிசகாமல் கடைந்தெடுக்கும் ஒன்பது அச்சு எந்திரங்களை ஜப்பானின் தோஷிபா குழும நிறுவனம் ஒன்றும் நார்வேயின் கோங்ஸ்பெர்கும் சேர்ந்து சோவியத் ஒன்றியத்துக்கு விற்றது 1987-இல் வெளிவந்தபோது, அது பன்னாட்டுப் பூசலாகவே வெடித்தது. ஒரு கடைசல் எந்திரத்துக்காக நாடுகள் முகத்தை முறித்துக்கொண்டன என்றால் விசிறி இதழின் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

ஒருமுறை ஓர் ஆய்வுக் கப்பலில் (மீன் வளத்தைக் கணக்கிடும் கப்பல்கள் மீன்களை விரட்டாதிருக்க அவற்றுக்கும் அமைதி வேண்டும்) இரைச்சல் சோதனை நடத்தினோம். படகிலிருந்து நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிக் கேட்டபோது திரையில் 25 ஹெர்ட்ஸில் ஒரு கோடு விடாமல் நின்றது. நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழலும் எதுவோ ஒன்று உடலோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வோர் எந்திரமாக நிறுத்திப் பார்த்து, குளிர்நீர்ப் பம்பு ஒன்றில் வந்து நின்றோம். பம்பில் பழுதில்லை. அதைத் தாங்கிய ஆறு ரப்பர்த் தாங்கிகளில் நான்கின் மேல், ஒவ்வொரு பராமரிப்பின்போதும் யாரோ பொறுப்பாகச் சாம்பல்நிறப் பெயின்ட் பூசியிருந்தார்கள். அடுக்கடுக்காகக் காய்ந்த பெயின்ட் ரப்பரைக் கட்டைபோல் இறுக்கிவிட்டிருந்தது. அதோடு, பம்பிலிருந்து போகும் குழாய் ஆடுகிறது என்று நினைத்த ஒரு பணியாளர், குழாய்க்கும் கப்பலின் பக்கச்சட்டத்துக்கும் இடையில் விரலளவு இரும்புத் துண்டு ஒன்றைச் செருகி வைத்திருந்தார். தாங்கிகளை மாற்றி, அந்த இரும்பைப் பிடுங்கினோம். திரையில் கோடு மறைந்தது. கோடி கோடியாகச் செலவழித்துப் பெற்ற அமைதியை ஒரு பெயின்ட் தூரிகையும் ஒரு துண்டு இரும்பும் கெடுத்துவிட முடியும் என்பதை அன்று கண்டேன். வருங்கால நீர்மூழ்கியைப் பற்றிய கட்டுரைகளில் செயற்கை நுண்ணறிவு வருகிறது. பராமரிப்புப் பணியாளரின் பயிற்சி வருவதே இல்லை.

அமைதிக்கு அடுத்தபடியாக, என் கணிப்பில் வருங்காலத்தைத் தீர்மானிக்கப் போவது மின்சாரம். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். ஆகவே சாதாரண நீர்மூழ்கி ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறையாவது மேலே வந்து மூச்சுக்குழாயை நீட்டி மின்கலங்களை நிரப்பியாக வேண்டும், பிடிபடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். 1996-இல் சேவைக்கு வந்த ஸ்வீடனின் காட்லாண்ட் வகை, திரவ ஆக்சிஜனையும் ஸ்டெர்லிங் எஞ்சினையும் கொண்டு இந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. 2005-இல் அமெரிக்கக் கடற்படை அந்தச் சிறு கப்பலை மாலுமிகளோடு வாடகைக்கு எடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி செய்தது. விமானந்தாங்கிக் கப்பலைக் காக்கும் படையினருக்கு அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. ஹைட்ரஜன் எரிபொருள் கலங்களால் இயங்கும் ஜெர்மனியின் யு-32, 2013-இல் 18 நாள்கள் தொடர்ந்து நீருக்கடியிலேயே பயணம் செய்தது.

ஜப்பானோ இதற்கு நேர்மாறான வழியைப் பிடித்தது. சோரியூ வகையின் முதல் பத்துக் கப்பல்களிலும் இருந்த ஸ்டெர்லிங் எஞ்சினையே எடுத்துவிட்டு, ஈய-அமில மின்கலங்களையும் எடுத்துவிட்டு, அந்த இடம் முழுவதும் லித்தியம்-அயனி மின்கலங்களை அடுக்கி 2020 மார்ச்சில் ஓரியூவைச் சேவையில் சேர்த்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதே கப்பல். ஆனால் நீருக்கடியில் ஊர்வதற்கு மட்டும் போதுமானதாக இருந்த ஆற்றல், தேவைப்படும்போது விரைந்து ஓடுவதற்கும் உதவும் என்றாகிவிட்டது. மின்னேற்றமும் விரைவில் முடிகிறது. இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. ஈய-அமில மின்கலம் ஹைட்ரஜனைக் கக்கும். அதற்கு எதிரான முன்னெச்சரிக்கைகள் நூறாண்டுப் பழக்கத்தில் ஊறியவை. லித்தியம் மின்கலம் சூடேறிக் கட்டுப்பாட்டை இழந்தால் வெளிக்காற்று இல்லாமலேயே எரியும். மூடிய எஃகுக் கூட்டுக்குள் அப்படியொரு தீயை நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. இன்னொரு விந்தையும் உண்டு. பழைய மின்கலங்களின் ஈயம் கப்பலின் அடியில் கிடந்து அதை நிமிர்த்தி வைக்கும் பளுவாகவும் பயன்பட்டது. இலேசான மின்கலத்தை வைத்தால், மிச்சப்பட்ட எடைக்கு ஈடாக அதே இடத்தில் வேறு பளுவை வைத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

அப்படியானால் அணு நீர்மூழ்கி தேவையற்றதாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. நீரில் வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்குத் திறன் தேவைப்படுகிறது. மின்கலம் மணிக்கு நான்கைந்து கடல்மைல் வேகத்தில்தான் நெடுநேரம் தாங்கும். இருபத்தைந்து கடல்மைல் வேகத்தில் பெருங்கடலைக் கடக்க அணு உலையைத் தவிர வேறு வழி இன்னும் பிறக்கவில்லை. அங்கும் மாற்றம் அமைதியை நோக்கியே போகிறது. அமெரிக்கா கட்டிவரும் கொலம்பியா வகையில் டர்பைனுக்கும் விசிறிக்கும் இடையே இருந்த பல்சக்கரப் பெட்டி நீக்கப்பட்டு மின்மோட்டார் விசிறியைச் சுழற்றும். உலையின் எரிபொருளைக் கப்பலின் வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை. பிரான்சின் சுஃப்ரென், குறைந்த செறிவூட்டப்பட்ட யுரேனியத்தைக் கொண்டு இயங்குகிறது. எரிபொருளை இடையிடையே மாற்றும் செலவை ஏற்றுக்கொண்டு, ஆயுதத் தரத்திலான யுரேனியத்தைத் தவிர்க்கும் இந்தத் தேர்வு பற்றிப் பொதுவெளியில் இன்னும் அதிகம் பேசப்பட வேண்டும்.

ஆழம் பற்றிக் கட்டுரை சொல்வதை ஒரே பத்தியில் கடந்துவிடலாம். கார்பன் இழை போன்ற புதிய பொருள்களால் படை நீர்மூழ்கிகள் இரண்டாயிரம் மீட்டர் வரை இறங்கும் என்கிறது அது. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. முந்நூறு மீட்டரிலேயே ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் முந்நூறு டன்னுக்கு மேல் சுமை. டைட்டானியத்தால் கட்டிய சோவியத் நீர்மூழ்கி கொம்சொமோலெட்ஸ் 1984-இல் 1,020 மீட்டரைத் தொட்டது உண்மை. அதே கப்பல் 1989-இல் தீயினால் மூழ்கி 42 பேர் இறந்தனர். அந்த வகையில் இரண்டாவது கப்பல் கட்டப்படவே இல்லை. கார்பன் இழை உடல் மீண்டும் மீண்டும் அழுந்தி விரியும்போது என்னவாகும் என்பதை 2023 ஜூனில் டைட்டன் என்ற சுற்றுலா மூழ்கியில் ஐந்து உயிர்களைக் கொடுத்து உலகம் பார்த்தது. படைகளுக்கு அத்தனை ஆழம் தேவையும் இல்லை.

இனி ஆளில்லா வாகனங்களுக்கு வருகிறேன். இவை வந்துவிட்டன என்பதில் ஐயமில்லை. போயிங் கட்டிய ஓர்கா 2023 இறுதியில் அமெரிக்கக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆஸ்திரேலியா கோஸ்ட் ஷார்க் என்ற வாகனத்தை உருவாக்கியது. மாண்டா ரே என்ற, திருக்கை மீன் வடிவிலான வாகனம் 2024-இல் கலிபோர்னியாவுக்கு அப்பால் சோதிக்கப்பட்டது. கண்ணிவெடி தேடவும், கடலடிக் கேபிள்களைக் காக்கவும், மாதக்கணக்கில் காத்துக் கிடந்து கேட்கவும் இவை மனிதரைவிடத் தகுதியானவை என்றே நானும் கருதுகிறேன். ஆனால் ஓர்காவிலும் டீசல் எஞ்சினும் மின்கலமும்தான் இருக்கின்றன. அதுவும் மின்னேற்றத்துக்கு மேலே வந்தாக வேண்டும். ஆள் இல்லை என்பதற்காகக் கடல் அதற்குச் சலுகை காட்டுவதில்லை. வால்வு ஒன்று பாதியில் சிக்கிக்கொண்டால் தட்டிவிட ஒரு கை கிடையாது. கொட்டலசு உடலில் ஒட்டிப் படர்ந்தால் சுரண்ட ஆளில்லை. ஆய்வுக்கான கிளைடர் ஒன்று தன் மிதப்புத்தன்மையை மட்டும் மாற்றி மாற்றி ஏறி இறங்கியபடியே 2009-இல் அட்லாண்டிக்கைக் கடந்தது பெரும் சாதனை. அதற்கு ஆன காலம் 221 நாள்கள்.

தவிரவும், வானத்து ட்ரோனைப்போல் இதைத் தொலைவிலிருந்து ஓட்ட முடியும் என்று வாசகர்கள் எண்ணிக்கொள்ளக் கட்டுரை இடம் தந்துவிட்டது. ஆழத்துக்குப் போன வாகனத்துக்குக் கட்டளை இடுவது செவிடன் காதில் சங்கு ஊதுவது போலத்தான். அது தானே முடிவெடுக்க வேண்டும், அல்லது முடிவெடுக்காமல் திரும்ப வேண்டும். எதிரே கேட்கும் ஒலி போர்க்கப்பலுடையதா, மீன்பிடிக் கப்பலுடையதா என்று பிரித்தறிந்து ஆயுதம் ஏவும் உரிமையை, யாரும் குறுக்கிட முடியாத இடத்தில் இருக்கும் எந்திரத்துக்குக் கொடுப்பதா என்பது பொறியியல் கேள்வி மட்டும் அன்று. சட்டமும் இதில் பின்தங்கியிருக்கிறது. 1982-இன் கடல் சட்ட உடன்படிக்கை, 20-ஆம் பிரிவில், பிற நாட்டின் எல்லைக் கடலைக் கடக்கும் நீர்மூழ்கிகளும் பிற நீரடி வாகனங்களும் மேலே வந்து கொடியைக் காட்ட வேண்டும் என்கிறது. 29-ஆம் பிரிவிலோ, போர்க்கப்பல் என்றால் படை அதிகாரியின் தலைமையும், படை ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட மாலுமிகளும் இருக்க வேண்டும் என்று இலக்கணம் வகுக்கிறது. மாலுமியே இல்லாத கலத்துக்குப் போர்க்கப்பலின் பாதுகாப்புரிமை உண்டா? 2016 டிசம்பரில் தென் சீனக் கடலில் அமெரிக்காவின் கிளைடர் ஒன்றைச் சீனக் கடற்படை தூக்கிச்சென்று, சில நாள்களில் திருப்பிக் கொடுத்தபோது, இந்தக் கேள்வி விடை காணாமலே அடங்கிப்போனது.

ஆகவே நான் எதிர்பார்ப்பது, மாலுமிகளோடு கூடிய அமைதியான தாய்க்கப்பல் ஒன்று நிழலில் நிற்க, அதன் சின்னஞ்சிறு வாகனங்கள் சுற்றிலும் போய்வரும் ஏற்பாட்டை. இதற்கு ஏற்றபடி உடலமைப்பு மாறும். 533 மில்லிமீட்டர் விட்டமுள்ள டார்பிடோ குழாய் வழியாக ஒரு வாகனத்தை வெளியே தள்ளுவதைவிட, அலையாடும் நீரில் அதைத் திரும்ப அதே துளைக்குள் வாங்கிக்கொள்வதுதான் கடினம். பெரிய வாயில் வைக்கலாம் என்றால், அழுத்தத்தைத் தாங்கும் கூட்டில் இடும் ஒவ்வொரு துளையும் அதன் வலிமையைக் குறைக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா வகை நீர்மூழ்கிகளில் பெரிஸ்கோப்புக் குழாயை அகற்றி, உடலைத் துளைக்காத மின்னணுக் கேமராக் கம்பத்தை வைத்ததால், கட்டுப்பாட்டு அறையைப் பெரிஸ்கோப்புக்கு நேர் கீழே வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நீங்கி, அது அகலமான கீழ்த்தளத்துக்கு இறங்கியது. இப்படிப்பட்ட சிறு விடுதலைகளிலிருந்துதான் புதிய வடிவங்கள் பிறக்கும் என்று நினைக்கிறேன்.

கட்டுரை முழுவதிலும் மீட்பு என்ற சொல் ஒருமுறைகூட இல்லாதது எனக்கு வருத்தமே. 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் த்ரெஷர் சோதனை முழுக்கில் 129 பேருடன் மறைந்தது. வெள்ளிப் பற்றாசு வைத்த குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போய் நீர் பீய்ச்சியிருக்கலாம், மேலே எழுப்ப வேண்டிய அழுத்தக்காற்றில் இருந்த ஈரம் உறைந்து வழியை அடைத்திருக்கலாம் என்பது விசாரணையில் எட்டப்பட்ட முடிவு. அதன் பிறகு, நீரைத் தடுக்கும் ஒவ்வோர் இணைப்புக்கும், அதைச் செய்தவர், சோதித்தவர், பொருளின் தரம் ஆகியவற்றுக்கு எழுத்துச் சான்று கேட்கும் ‘சப்சேஃப்’ திட்டம் வந்தது. அந்தச் சான்று பெற்ற கப்பல் ஒன்றுகூட இதுவரை மூழ்கிப்போகவில்லை; 1968-இல் இழந்த ஸ்கார்ப்பியன் அந்தச் சான்றை முழுமையாகப் பெற்றிராதது. 2000-இல் ரஷ்யாவின் கூர்ஸ்க்கில் 118 பேர், 2017-இல் அர்ஜென்டினாவின் சான் ஹுவானில் 44 பேர், 2021-இல் இந்தோனேசியாவின் நங்காலாவில் 53 பேர் என்று இழப்புகள் தொடரத்தான் செய்கின்றன. 1939-இலேயே, 74 மீட்டர் ஆழத்தில் கிடந்த அமெரிக்க நீர்மூழ்கி ஸ்குவாலஸிலிருந்து, மணி வடிவ மீட்புக் கூண்டை இறக்கி 33 பேரை உயிரோடு மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். கூர்ஸ்க் 108 மீட்டரில்தான் கிடந்தது. வெடிப்புக்குப் பின்னும் 23 பேர் கடைசி அறையில் உயிரோடு இருந்தார்கள்.

ஆளில்லா வாகனத்தின் மிகச் சிறந்த பயனை நான் கண்டதும் இங்கேதான். 2005 ஆகஸ்டில் ரஷ்யாவின் சிறு மூழ்கி ஒன்று கம்சத்காவுக்கு அப்பால் 190 மீட்டர் ஆழத்தில் வலையிலும் கம்பியிலும் சிக்கி, ஏழு பேர் ஏறத்தாழ மூன்று நாள் இருட்டிலும் குளிரிலும் மூச்சை மிச்சப்படுத்திக்கொண்டு கிடந்தார்கள். பிரிட்டனிலிருந்து விமானத்தில் கொண்டுவந்த ஸ்கார்ப்பியோ என்ற தொலையியக்கி வாகனம் அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டது. ஏழு பேரும் தாமே கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். சான் ஹுவான் ஓராண்டுக்குப் பின் ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டதும் தானியங்கி வாகனங்களால்தான். புதிய நீர்மூழ்கித் திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போது அதன் வேகத்தையும் ஏவுகணைகளையும் கேட்கும் செய்தியாளர்கள், அதன் தப்பிக்கும் வாயில் பிற நாட்டு மீட்புக் கலங்களோடு பொருந்துமா, மீட்புக் கலம் எத்தனை மணி நேரத்தில் அந்த இடத்துக்கு வந்துசேரும் என்பனவற்றையும் கேட்டு எழுதினால், வாசகன் என்ற முறையில் நன்றி சொல்வேன்.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். கட்டுரையோடு வெளியிட்ட படத்தில், உலர்துறையில் நிற்கும் கப்பலின் உந்துவிசிறி இதழ்கள் முழுவதும் தெரிகின்றன. படக்குறிப்பு அதை ‘அடுத்த தலைமுறை நீர்மூழ்கி’ என்கிறது. இன்று கட்டப்படும் அணு நீர்மூழ்கிகளின் வாலை, படம் எடுக்க விடும்போது தார்ப்பாய் போட்டு மூடியோ, கணினியில் மறைத்தோதான் வெளியிடுகிறார்கள். அந்தப் படம் ஓய்வுபெற்ற பழைய கப்பல் ஒன்றினுடையதாக இருக்க வேண்டும். சரிபார்த்துத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கப்பல் அதிர்வியல் பொறியாளர் (ஓய்வு)